கிளை நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பு: முதலில் வர வேண்டியது நூல்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகத்தில் வாசகர் வட்டப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது: "இதுவரை இரண்டு எழுத்தாளர்களை அழைத்துக் கூட்டம் நடத்தினோம். முதல் கூட்டத்துக்கு 15 பேர்தான் வந்தார்கள். அந்தச் சங்கடத்தில் இரண்டாம் கூட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து 100 மாணவர்களை வரவழைத்தோம். இடம் நிறைந்தது, ஆனால் ஒரு கேள்விகூட எழவில்லை. நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பை எப்படித்தான் நடத்துவது?"

பொது நூலகத் துறையில் நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கிளை நூலகங்களில் கழிந்தது. நீங்கள் செய்த இரண்டு தவறுகளையும் நானும் செய்திருக்கிறேன், ஒரு முறைக்கு மேலாகவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வந்த 15 பேரில் எத்தனை பேர் அந்த எழுத்தாளரின் ஒரு நூலையாவது படித்துவிட்டு வந்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. நூலகக் கூட்டத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எட்டுப் பேர் படித்திருந்தால் அது நல்ல கூட்டம். ஒருவரும் படிக்கவில்லையென்றால் 300 பேர் வந்திருந்தாலும் நடந்தது ஒரு சொற்பொழிவு மட்டுமே. அதைக் கல்யாண மண்டபத்திலோ கோயில் திடலிலோ நடத்தியிருக்கலாம், ஒலிபெருக்கியும் அங்கே நன்றாக இருந்திருக்கும். நூலகத்தில் நடத்துவதற்கு ஒரே நியாயம், பேசப்படும் நூல் பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது என்பதும், கேட்டவர் எழுந்துபோய் அதை எடுத்துச் செல்லலாம் என்பதும்தான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நூலகத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் நூலுக்கும், அப்படியொரு நூல் இருப்பதே தெரியாத வாசகருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதற்கு நூலகர் செய்யக்கூடிய வேலைகளில் எழுத்தாளர் சந்திப்பும் ஒன்று. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்கள் செய்ததும் இந்த வேலையைத்தான்.

ஆகவே எழுத்தாளரை அழைப்பதற்கு முன்னால் நூலை வரவழையுங்கள். கூட்டத் தேதிக்கு ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன்பே, எந்த நூலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது முடிவாகிவிட வேண்டும். ஓர் எழுத்தாளரின் 'படைப்புலகம்' முழுவதையும் ஒரே மாலையில் பேசும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு நாவல், அல்லது ஒரு தொகுப்பிலுள்ள மூன்று சிறுகதைகள் போதும். கிளை நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒரு படி இருந்தாலே பெரிய காரியம். எனவே வாசகர் வட்டம் நான்கைந்து படிகளை வாங்கி, நூலகரிடம் அன்பளிப்பாகக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். பிளெக்ஸ் பலகைக்குச் செலவழிக்கும் பணமே பெரும்பாலும் இதற்குப் போதுமானதாக இருக்கும். பலகை மறுநாள் யார் வீட்டுக் கூரைக்கோ போய்விடும், நூல் இருபது ஆண்டுகள் இருக்கும். ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகத்தின் புரவலராகச் சேரும் வழக்கத்தை உங்கள் ஊர் வணிகர்கள் அறிந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் இந்தப் படிகளை வாங்கித் தருமாறு கேட்டால் மறுக்க மாட்டார். எழுத்தாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரே ஒரு சிறுகதையைப் படியெடுத்து, நாளிதழ் படிக்க வருபவர்கள் கையில் கொடுப்பதும் உண்டு. தினமும் காலையில் வந்து நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போகும் பெரியவர்களை இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் கூட்டங்களில் மிகக் கூர்மையான கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வந்தன.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, எழுத்தாளர் இல்லாமல் ஒரு முன்கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, படித்ததில் எது பிடித்தது, எது புரியவில்லை, எந்த இடத்தில் கதை இடறியது என்று பேசிக்கொண்டாலே போதும். அன்று எழுகிற ஐயங்களைத் தாளில் குறித்து வையுங்கள். 'எப்போது எழுத ஆரம்பித்தீர்கள், உங்களைப் பாதித்த எழுத்தாளர் யார்' என்ற இரண்டு கேள்விகளைத் தவிர வேறு எதுவும் எழாத கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் காரணம் இந்த முன்கூட்டம் நடக்காததே.

யாரை அழைப்பது என்பதில் பெரும்பாலான வாசகர் வட்டங்கள் திரைப்படத்துக்கு வசனம் எழுதியவர் அல்லது தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் பேசுபவர் என்றே தொடங்குகின்றன. கூட்டம் வரும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கும் தவறில்லை. ஆனால் அப்படி வருகிற கூட்டம் அந்த முகத்தைப் பார்க்க வருவது. அடுத்த மாதம் வராது. உங்கள் மாவட்டத்திலேயே எழுதிக்கொண்டிருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள். கவிஞரையும் நாவலாசிரியரையும் மட்டும் எழுத்தாளர் என்று எண்ணாமல், மொழிபெயர்ப்பாளர், சிறார் இலக்கியம் எழுதுபவர், வட்டார வரலாற்றையோ நாட்டார் வழக்காறுகளையோ தொகுத்தவர், வேளாண்மை பற்றியோ மருத்துவம் பற்றியோ எளிய தமிழில் எழுதியவர் ஆகியோரையும் வரிசையில் வையுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, ஊரார் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் வசூலிக்கப்படும் நூலக வரியில்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன. இலக்கியத்தில் நாட்டமில்லாதவரும் அந்த வரியைக் கட்டுகிறார் என்பதால், ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களாவது அவருக்கும் உரியனவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. குளத்துப் பாசன முறைகளைப் பற்றி எழுதிய ஒருவர் வந்திருந்தபோது, அதுவரை நூலகப் படியே ஏறாத விவசாயிகள் வந்து அவரோடு இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். அவர் எழுதியதில் இரண்டு இடங்களில் பிழை என்றும் நிறுவினார்கள். அவரும் மகிழ்ந்து குறித்துக்கொண்டு போனார்.

அழைப்பைத் தொலைபேசியில் தொடங்கினாலும் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதி அனுப்புங்கள். எந்த நூல், எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் பேச வேண்டும், பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ யார் வந்து அழைத்துச் செல்வார், எங்கே தங்குவார், பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் எவ்வளவு தருவோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைத்து நாம் மௌனமாக இருந்துவிடுகிறோம். அவரும் கேட்கக் கூசி, சொந்தக் காசில் வந்து, ஒரு பொன்னாடையோடு இரவுப் பேருந்து ஏறுகிறார். தர இயலாதென்றால் இயலாது என்று முதலிலேயே எழுதிவிடுவது மரியாதை. "உங்கள் நாவலை எங்கள் ஊரில் ஒன்பது பேர் படித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால், பெரிய பெயருடையவர்களும் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். அப்படி யாரும் அவர்களுக்கு எழுதுவதில்லை.

காலத்தைத் தேர்வதில் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தில் எல்லா ஊர்களிலும் விழா நடப்பதால் எழுத்தாளர் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் ஒரே நாளில் மூன்று ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்னைப் புத்தகக் காட்சியும் அதையொட்டிய வெளியீட்டு விழாக்களும் அவர்களைப் பிடித்துக்கொள்ளும். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: மாவட்டத் தலைநகருக்குப் பேச வரும் எழுத்தாளரை மறுநாள் காலையில் உங்கள் ஊருக்கு அழைத்தால் பயணச் செலவில் பெரும்பகுதி மிச்சம். கிழமையைப் பொறுத்தவரை, கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறன்று நூலகம் திறந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிதான் என் அனுபவத்தில் சிறந்த நேரம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள், எட்டரை மணிக்கு அவர்கள் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவார்கள் என்று யோசித்ததில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பது போல ஒரு நாளை நிலையாக வைத்துவிட்டால் ஓராண்டுக்குப் பிறகு அழைப்பிதழே தேவைப்படாது.

அனுமதி பற்றியும் ஒரு சொல். நூலகர் அரசு ஊழியர். வளாகத்தில் நடக்கும் எதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டியவர். ஆகவே தேதி, பேசுபவர், பேசப்படும் நூல் ஆகியவற்றை எழுதி அவர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கட்சிக் கூட்டமாகவோ மதக் கூட்டமாகவோ மாறும் வாய்ப்புள்ள எதையும் உள்ளே கொண்டுவர வேண்டாம். ஆனால் அரசியல் பேசும் நாவலை நாவலாகப் பேசுவதற்குத் தயங்கவும் வேண்டாம்.

இனி மேடை. என்னைக் கேட்டால் மேடையே வேண்டாம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, மூன்று வாழ்த்துரை, நூல் அறிமுகம், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று நம் அழைப்பிதழ்கள் நீள்வதற்கு ஊரில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற அச்சமே காரணம். நான் நடத்திய கூட்டம் ஒன்றில் எழுத்தாளர் பேச எழுந்தபோது மணி எட்டரை. அவருடைய பேருந்து ஒன்பதுக்கு. நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். வாழ்த்துரை வழங்கியவர்களில் இருவர் அவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினேன். வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களை வரவேற்பிலேயே பெயர் சொல்லி வணங்கிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதன் பிறகு ஒரு வாசகர் ஐந்து நிமிடம் நூலை அறிமுகம் செய்யட்டும், வேறு இருவர் ஆளுக்கு ஏழு நிமிடம் தங்கள் வாசிப்பைச் சொல்லட்டும், எழுத்தாளர் அரை மணி நேரம் பேசட்டும், மீதி நேரம் முழுவதும் உரையாடலுக்குப் போகட்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். 15 பேர் நீள்வரிசையில் உட்கார்ந்தால் இடம் காலியாகத் தெரியும். வட்டமாக உட்கார்ந்தால் அதே 15 பேர் நிறைந்திருப்பார்கள். அந்த அளவுக்கு ஒலிபெருக்கியும் தேவையில்லை.

எழுத்தாளரைத் தம் நூலிலிருந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம்மிடம் கவிஞர்கள் படிப்பார்கள். உரைநடை எழுதுபவர்கள் நூலைப் பற்றிப் பேசுவார்களே தவிர நூலைப் படிப்பதில்லை. வட்டார வழக்கில் எழுதப்பட்ட உரையாடலை அதை எழுதியவர் குரலில் ஒரு முறை கேட்டுவிட்டால், அதுவரை கரடுமுரடாகத் தெரிந்த பக்கங்கள் பிறகு தானாகவே ஓடும்.

பொன்னாடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்குப் பதிலாக நூல் தரும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. என்றாலும் எழுத்தாளருக்குத் தரும் நூல் அவரிடம் ஏற்கெனவே ஐந்து படிகள் இருக்கக்கூடிய நூலாக இருக்க வேண்டாம். உங்கள் ஊரைப் பற்றி யாராவது எழுதிய சிறு நூல் இருந்தால் அதைத் தாருங்கள்.

கேள்வி கேட்பது நம் மரபில் இல்லை, நாம் கேட்டுக்கொண்டிருக்கும் மக்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரமே, அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்றுதான் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் மாலை போடுவது மட்டுமன்று. அவையினர் தடை எழுப்ப, ஆசிரியர் விடை சொல்லி நிறுவுவதும் அதில் அடங்கும். இடையில் எப்போதோ தடையும் விடையும் போய் மாலை மட்டும் நின்றுவிட்டது. நடைமுறையில் சிக்கல் முதல் கேள்வியில்தான் இருக்கிறது. அதை யாரும் கேட்க முன்வர மாட்டார்கள். முன்கூட்டத்தில் குறித்து வைத்த ஐயங்களில் ஒன்றை அதை எழுப்பியவரையே கேட்கச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் தீர்ந்துவிடும். கூச்சமுள்ளவர்களுக்காகத் தாளில் எழுதித் தரும் வசதியும் இருக்கட்டும். கேள்வி என்ற பெயரில் பத்து நிமிடம் உரையாற்றுகிறவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை வெல்ல ஒரு வழிதான் உண்டு: அடுத்த மாதக் கூட்டத்தில் நூல் அறிமுகம் செய்யும் ஐந்து நிமிடத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

மாணவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாற்காலியை நிரப்புவதற்காக அழைத்து வரப்படும் மாணவர், இலக்கியக் கூட்டம் என்றால் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய தண்டனை என்று வாழ்நாள் முழுதும் நினைத்துக்கொள்வார். 100 பேருக்குப் பதிலாக, ஒரு கதையைப் படித்துவிட்ட 12 மாணவர்களை மட்டும் அவர்களுடைய தமிழாசிரியரோடு வரச் சொல்லுங்கள். சிறார்களுக்கு எழுதுபவராக இருந்தால் கூட்டத்தை மே மாத விடுமுறையில் வைத்து, எழுத்தாளரைப் பேசவிடாமல் கதை சொல்லவிடுங்கள். பிள்ளைகள் கதையின் முடிவை மாற்றிச் சொல்லட்டும்.

பெரிய நூலகங்கள் செய்வதை அப்படியே பின்பற்ற முயல வேண்டாம். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்ற நிகழ்ச்சி சனிக்கிழமை மாலைகளில் நடந்துவருவதையும், அந்த உரைகள் யூடியூபில் கிடைப்பதையும் அறிந்திருப்பீர்கள். பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் நடந்த இலக்கியத் திருவிழாக்களும் பெருங்கூட்டத்துக்கு உரியவை. சென்னை அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலக அரங்கை, அதை எல்.எல்.ஏ. கட்டிடம் என்று சொன்னால்தான் இலக்கிய வட்டாரத்தில் தெரியும், பதிப்பகங்களும் அமைப்புகளும் தங்கள் விழாக்களுக்குப் பயன்படுத்துகின்றன. இவற்றிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது, குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் தவறாமல் நடத்துவது என்ற ஒன்றே. நூலகம் முழுக்கப் பெயர் தெரிந்த 20 வாசகர்கள் என்ற வசதி அவர்களுக்குக் கிடையாது, உங்களுக்குத்தான் உண்டு.

காணொளியாகப் பதிவு செய்வதானால் எழுத்தாளரிடம் முன்பே எழுத்தில் இசைவு பெற்றுக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொற்பொழிவாற்றுபவரையும் நிகழ்த்துநர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது; அவருடைய பேச்சைப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் அவருக்கு உரிமை உண்டு. சட்டத்தை விடுங்கள், உரையாடல் பகுதியைப் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது என்பேன். கைபேசி தன் முகத்தை நோக்கித் திரும்பியதும் பேசிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் பாதியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் பயன் தந்ததா என்பதை அன்றைய கைதட்டலிலிருந்து அறிய முடியாது. மூன்று மாதம் கழித்து அந்த நூலை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். கூட்டத்துக்குப் பிறகு நான்கைந்து முத்திரைகள் விழுந்திருந்தால் எழுத்தாளர் வந்ததற்குப் பொருள் இருக்கிறது. அதே எழுத்தாளரின் வேறு நூலைக் கேட்டு யாராவது நூலகரை நச்சரித்திருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கோரிக்கைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, வாசகர் வட்டத்தின் அடுத்த அன்பளிப்பாக அந்த நூல்களையே வாங்குங்கள்.

எழுத்தாளர் கிடைக்காத மாதத்தில் கூட்டத்தை நிறுத்திவிட வேண்டாம். மறைந்தவர்களின் நூல்களைப் பேசுவதற்குப் பயணச் செலவும் இல்லை, பேருந்து நேரமும் இல்லை. பாரதி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகள் அரசுடைமையாகிவிட்டதால் ஒரு கதையையோ கட்டுரையையோ யாருடைய அனுமதியும் கேட்காமல் வேண்டிய அளவு படியெடுத்து வழங்கலாம். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மூன்றாம் கூட்டத்தை உடனே நடத்த வேண்டிய நெருக்கடியில் இருந்தால், அதை இப்படியே தொடங்குங்கள்: புதுமைப்பித்தனின் ஒரு சிறுகதை, 20 படிகள், வட்டமாக நாற்காலிகள், வருகிற மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்தரை. முதல் கூட்டத்துக்கு வந்த அந்த 15 பேரின் வீட்டுக்கும் நேரில் போய்ப் படியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.